65 முதல் 80 வரை

64-ஆம் பக்கத்தைப் படித்து முடித்துத் தாளைத் திருப்பினால் 49-ஆம் பக்கம் வருகிறது. கை தவறிப் பின்னால் போய்விட்டோமோ என்று சரிபார்த்துவிட்டுத் திரும்பவும் திருப்பினால், திரும்பவும் 49. படித்த 16 பக்கங்களும் வரி மாறாமல் இன்னொரு முறை வந்து 64-இல் முடிகின்றன. அடுத்த அச்சுத் தாளில் 81. நடுவில் 65 முதல் 80 வரை இந்தப் பிரதியில் இல்லை. பிரதி பிறந்த நாளிலிருந்தே இல்லை.

1988-இல் மூன்று ரூபாய் கொடுத்து எங்கள் சித்தப்பா வாங்கிய மாத நாவல் இது. சட்டைப் பையில் செருகினால் பாதி வெளியே தெரியும் அளவு. 112 பக்கம். வாங்கிய அன்றே லேசாகப் பழுப்பேறியிருந்த தாள், இப்போது வறுத்த ரவை நிறத்துக்கு வந்துவிட்டது. ஓரத்தை நகத்தால் தொட்டால் பொடிகிறது. இன்று அது என் மேசைமேல் தனியாக இல்லை. ஐந்து நாவல்களைச் சேர்த்துத் தைத்த கனமான பைண்டுக்குள் மூன்றாவதாக உட்கார்ந்திருக்கிறது. அட்டை போய்விட்டது. முதல் தாளும் போய்விட்டது. அதனால் கதைக்குத் தலைப்பு இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. பைண்டின் முதுகில் வெள்ளை பெயிண்டில் 417 என்று எழுதியிருக்கிறது. முப்பது வருஷத்துக்கும் மேலாக இதற்கு அந்த எண்தான் பெயர்.

நான் பெரிய படிப்பாளி இல்லை. ரயிலில், ஆஸ்பத்திரி வராந்தாவில், கல்யாண வீட்டில் முகூர்த்தத்துக்குக் காத்திருக்கும்போது மர்ம நாவல் படிக்கிறவன். ஆனால் இந்த ஒரு பிரதி எந்த வழியாகக் கை மாறி வந்தது என்பது எனக்குத் தெரியும். அந்தக் கைகளில் முதல் சில எங்கள் வீட்டுக் கைகள்.

முதலில் அந்த 16 பக்கங்கள் எப்படி விட்டுப்போயின என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய தாளில் முன்பக்கம் எட்டு, பின்பக்கம் எட்டு என்று 16 பக்கங்களை அச்சடிப்பார்கள். அச்சகத்தில் அதை ஒரு பாரம் என்பார்கள். விரித்த தாளில் பக்கங்கள் தலைகீழாகவும் முன்பின்னாகவும் கிடக்கும். மூன்று முறை மடித்தால் ஒழுங்காகிவிடும். 112 பக்க நாவலுக்கு ஏழு பாரம். மடித்த பாரங்களை ஏழு குவியலாக வரிசையில் வைத்து, ஒருவர் அந்த வரிசையோடு நடந்து ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒன்றொன்றாக எடுத்துச் சேர்ப்பார். பிறகு முதுகுப் பக்கம் பின் அடித்து, பசை தடவி, வண்ண அட்டை ஒட்டி, மற்ற மூன்று பக்கமும் வெட்டினால் நாவல் தயார். மாதம் தவறாமல் வரவேண்டிய சரக்கு. குறித்த தேதிக்கு ஏஜெண்டுகளுக்குக் கட்டுப் போய்ச்சேர வேண்டும். அந்த அவசரத்தில், சேர்த்தவர் நான்காம் குவியலில் இரண்டு எடுத்துவிட்டு ஐந்தாவதைத் தாண்டிப் போயிருக்கிறார். பகல் முழுக்க நின்று பார்க்கிற வேலை அது. அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது.

மாத நாவல் என்ற ஏற்பாட்டை இந்தத் தலைமுறைக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இது புத்தகக் கடைச் சரக்கு அல்ல. வார இதழ்களோடு சேர்ந்து விற்ற சரக்கு. பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டி, கிளிப் மாட்டித் தொங்கவிடுவார்கள். பக்கத்தில் வாழைப்பழத் தார், மேலே பாக்குப் பொட்டலச் சரம். அடுத்த மாதம் அடுத்த நாவல் வந்ததும் இது இறங்கிவிடும். இதழ்போல் விற்றதால் இதழ்போலவே தூக்கியும் போட்டார்கள். ஒரு நாவலுக்கு ஆயுள் 30 நாள்.

அந்த 30 நாளைக்குள் எவ்வளவு உழைப்பு! கோயம்புத்தூர்க்காரரான ராஜேஷ்குமார் இப்படி மாதாமாதம் எழுதியே 1,500 நாவல்களைத் தாண்டியவர். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக ஓட்டிக்கொண்டே வந்து, கடைசியில் முடிச்சுப் போடுவார். ஆளுக்கொரு துப்பறியும் ஜோடி உண்டு: பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத்–சுசீலா, சுபாவுக்கு நரேந்திரன்–வைஜயந்தி, ராஜேஷ்குமாருக்கு விவேக்–ரூபலா. சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள் என்று தெரிந்த அன்று எங்கள் வீட்டில் ஒரு நாள் முழுக்க அதே பேச்சு.

இந்தத் துப்பறிவாளர் குடும்பத்துக்கு நீண்ட வம்சாவளி உண்டு. பண்டித நடேச சாஸ்திரி ‘தானவன்’ என்ற போலீஸ்காரரின் கதையை அச்சில் கொண்டுவந்தது 1894-இல். 1908-இல் ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ வந்தது; துப்பறியும் கோவிந்தன் வந்தார். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி அய்யங்காரும் இங்கிலாந்துச் சரக்கைத் தஞ்சாவூர்ச் சமையலாக மாற்றினார்கள். ‘கும்பகோணம் வக்கீல்’ என்ற தலைப்பைச் சொல்லும்போதே எங்கள் தாத்தாவுக்கு முகம் மலர்ந்துவிடும். கும்பகோணத்து வக்கீல்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். வை.மு. கோதைநாயகி அம்மாளின் ‘ஜகன்மோகினி’யைப் பாட்டி கட்டு கட்டாக வைத்திருந்தார். பிறகு விகடனில் தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், 1968-இல் குமுதத்தில் ‘நைலான் கயிறு’ வழியாகச் சுஜாதாவின் கணேஷ். மூன்று தலைமுறை வீட்டில் மூன்று பேருக்கு மூன்று துப்பறிவாளர். கூடத்தில் உட்கார்ந்து யார் கெட்டிக்காரர் என்று சண்டையே நடக்கும்.

சித்தப்பா இந்த நாவலை வாங்கியது விழுப்புரம் ஜங்ஷனில், பிளாட்பாரப் புத்தகக் கடையில். மருந்து விற்கும் வேலை. மாதத்தில் இருபது நாள் ரயிலில்தான். அப்போது அந்த வழி மீட்டர் கேஜ். விழுப்புரத்தில் வண்டி நிதானமாக நிற்கும். டீ குடித்து, இட்லிப் பொட்டலம் வாங்கி, நாவலும் வாங்கிக்கொண்டு ஏறலாம். பண்ருட்டி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், சீர்காழி, வைத்தீஸ்வரன் கோயில், மயிலாடுதுறை. 112 பக்கம் என்பது அந்தத் தூரத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும் என்பார் சித்தப்பா. நான் பின்னாளில் பல வண்டிகளில் சோதித்துப் பார்த்தேன். உண்மைதான்.

மர்மக் கதை படிப்பதில் அவருக்குச் சட்டதிட்டம் உண்டு. குற்றவாளி, கதை பாதியைத் தாண்டும் முன் ஒருமுறையாவது முகம் காட்டியிருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் இரட்டைப் பிறவி என்று ஒருவனைக் கூட்டிவந்தால் புத்தகத்தை மூடிவிடுவார். துப்பு எல்லாம் நம் கண்முன்னால் கிடக்க வேண்டும். நாம் பார்க்கத் தவறியிருக்க வேண்டும். “ஏமாந்தது நானாத்தான் இருக்கணும். ஏமாத்தினது அவரா இருக்கக் கூடாது” என்பார். இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் சொல்லாத இன்னொன்றும் உண்டு. மர்மம் வேறு, சஸ்பென்ஸ் வேறு. யார் செய்தது என்ற கேள்வி பின்னால் இழுக்கும். அடுத்து என்ன என்ற கேள்வி முன்னால் தள்ளும். வாராவாரம் ‘தொடரும்’ போட்டுப் பழகிய நம் எழுத்தாளர்கள் இரண்டாவதில் மன்னர்கள். அத்தியாயத்தின் கடைசி வரியில் கதவு திறக்கும், யார் வந்தார்கள் என்று சொல்ல மாட்டார்கள். கொலையாளி யார் என்று நமக்கு முதலிலேயே தெரிந்த நாவல்கள்கூட ஏராளம். ஆனாலும் விளக்கை அணைக்க மனம் வராது. சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ போன்ற சில கதைகளில் இரண்டும் சமமாக ஓடும். அதைப் படித்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போக ஒரு வாரம் பயந்தேன்.

அந்த இரவு வண்டியில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் சித்தப்பா படித்துக்கொண்டே வந்தார். கதை நீலகிரியில் ஒரு தேயிலை எஸ்டேட். மானேஜர் பங்களாவில் செத்துக் கிடக்கிறார். கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. 64-ஆம் பக்கத்தின் கடைசி வரியில் டெலிபோன் மணி அடிக்கிறது. சமையற்காரர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து ரிசீவரை எடுக்கிறார். திருப்பினால் 49. பரங்கிப்பேட்டை தாண்டியிருந்ததாம் வண்டி. சித்தப்பா பிரதியை உதறிப் பார்த்திருக்கிறார். முன்னும் பின்னும் தேடியிருக்கிறார். 81-ஆம் பக்கத்தில் சமையற்காரர் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் பிணமாகக் கிடக்கிறார். இன்ஸ்பெக்டர் சிகரெட் பற்றவைக்கிறார். சிதம்பரத்தில் இறங்கிப் பிளாட்பாரக் கடையில் வேறு பிரதி கேட்டிருக்கிறார். கடை மூடியிருந்தது.

வேறு வழியில்லாமல் 81-இலிருந்து படித்தார். சீர்காழி வருவதற்குள் முடிந்துவிட்டது. கொலையாளி யாரென்று தெரிந்தது, எப்படி என்றும் தெரிந்தது. 16 பக்கம் இல்லாமலேயே கதை நின்றது. விடியற்காலையில் வீட்டுக்கு வந்தவர் பையைக்கூட வைக்காமல் நடையில் நின்றபடியே அம்மாவிடம் இந்த அநியாயத்தைச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதிப்பகத்துக்குக் கடிதம் போடப்போவதாகச் சொன்னார். போட்டாரா என்று நான் கேட்கவில்லை.

மர்ம நாவலுக்கு ஒரு விசித்திரமான விதி இருக்கிறது. முடிவு தெரிந்துவிட்டால், படித்தவர் கையில் அதற்கு வேலை இல்லை. பொன்னியின் செல்வனை ஐந்தாம் முறை படிப்பவர்கள் உண்டு. மாத நாவலை இரண்டாம் முறை படிப்பவர் அபூர்வம். ஆனால் அடுத்தவர் கைக்குப் போன நொடியில் அது மறுபடி புதுசு. அதனால்தான் வேறெந்தப் புத்தகத்தையும்விட இது அதிகம் கை மாறியது. எதிர் சீட்டுக்காரர் “முடிச்சுட்டீங்கன்னா குடுங்க” என்று கூச்சமில்லாமல் கேட்பார். கொடுத்தவர் இறங்கும்போது திருப்பிக் கேட்க மாட்டார். ஒரே ஒரு கட்டுப்பாடுதான்: முடிவைச் சொல்லக் கூடாது. முன்பின் தெரியாதவர்கள் இந்த வாக்கை எத்தனை நேர்மையாகக் காப்பாற்றினார்கள் என்று நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

சித்தப்பாவிடமிருந்து அது அம்மாவுக்குப் போனது. அடுப்படியில் படித்ததற்கு 23-ஆம் பக்கத்தில் மஞ்சள் விரல் தடம் சாட்சி. அம்மாவிடமிருந்து பக்கத்து வீட்டு மாமி. அங்கிருந்து திரும்பி வந்தபோது 90-ஆம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட். அது இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. கடைசியில் அக்கா. அக்காவுக்கு அப்போது பிளஸ் டூ. நாவல் படிக்கத் தடை. பௌதிகப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தாள். புத்தக அளவு பெரிது, நாவல் சிறிது. உள்ளே வைத்தால் கச்சிதமாக மறையும்.

படித்து முடித்த அன்று இரவு அக்கா என்னிடம் கேட்ட கேள்வி: “அந்தச் சமையல்காரர் பேரு என்னடா?”

எனக்குத் தெரியவில்லை. அவள் முழுவதும் தேடிவிட்டாள். இருந்த பக்கங்களில் அவருக்குப் பெயரே இல்லை. காபி கொண்டுவருகிறார், கதவைத் திறக்கிறார், போனை எடுக்கிறார், செத்துக் கிடக்கிறார். ஒருவேளை இல்லாத 16 பக்கத்தில் இருந்திருக்கலாம். அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை.

இரண்டு நாள் கழித்து, கோடு போட்ட நோட்டிலிருந்து நான்கு தாளைக் கிழித்து, 65 முதல் 80 வரை என்ன நடந்தது என்று அவளே எழுதினாள். நீல மை. இரண்டு பக்கமும் நெருக்கமான எழுத்து. சமையற்காரருக்கு வேலாயுதம் என்று பெயர் வைத்தாள். ஊர் திருக்கருகாவூர் பக்கம். அம்மாவுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷனுக்காக மானேஜரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். போனில் பேசியது ஊர் தபால் ஆபீஸிலிருந்து அந்த அம்மாவேதான். இத்தனை தூரம் மனத்தால் இட்டுக்கட்டியது. ஆனால் அடுத்து அவள் செய்ததுதான் எனக்கு இன்றும் வியப்பு. 31-ஆம் பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த இரண்டு டம்ளர்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. சித்தப்பா அதைக் கவனிக்கவில்லை, அம்மாவும் கவனிக்கவில்லை. தனியாக இருந்த மானேஜருக்கு எதற்கு இரண்டு டம்ளர்? அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். அன்றிரவு வந்த விருந்தாளிக்குக் காபி கொடுத்தது வேலாயுதம். வந்தது யாரென்று அவருக்குத் தெரியும். வாங்கிய முன்பணத்துக்குக் கணக்குக் கேட்பார்களே என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று தீர்மானித்துத் தேயிலைக் காட்டு வழியாக நடக்கும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது. எட்டாம் பக்கம் அங்கே முடிகிறது. புரட்டினால் அச்சில் 81.

சித்தப்பா அடுத்த முறை வந்தபோது அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “இதாம்மா நடந்திருக்கும்” என்றார். பிளஸ் டூவில் நாவல் படித்ததற்காக அம்மா திட்டவும் இல்லை.

மர்மக் கதைகளைப் பற்றிய என் ஒரே மனத்தாங்கல் இதுதான். பெரிய எழுத்தாளர், சிறிய எழுத்தாளர், உள்ளூர், வெளியூர் என்ற பேதமில்லாமல், செத்தவரை இந்தக் கதைகள் சீக்கிரம் மறந்துவிடுகின்றன. பிணம் என்பது கதையைக் கிளப்பும் சாவி. பிறகு எல்லார் கண்ணும் துப்பறிபவர்மேல். அவர் புத்திசாலித்தனத்தில் நாமும் மயங்கி, ஒரு மனிதர் இல்லாமற் போனதை விட்டுவிடுகிறோம். பதினேழு வயதுப் பெண் ஒருத்திக்கு அது பொறுக்கவில்லை. இந்த நாவல்களைப் படிப்பவர்கள் மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்கிறார்கள் என்று மேடைகளில் பேசுகிறவர்களுக்கு இந்த நான்கு தாளைக் காட்ட வேண்டும் என்று பலமுறை ஆசைப்பட்டிருக்கிறேன்.

1990 வாக்கில் அந்தப் பிரதி வீட்டை விட்டுப் போனது. மயிலாடுதுறை மணிக்கூண்டுப் பக்கம் ஒரு சந்தில், வீட்டின் முன்கட்டில் ஒருவர் வாடகை நூலகம் நடத்திவந்தார். நாளுக்கு 25 காசு. சேர முன்பணம் உண்டு. காசுக்குப் பதில் பழைய நாவல்கள் கொடுத்தாலும் எடுத்துக்கொள்வார். அம்மா பத்து நாவல்களை வயர் கூடையில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினாள். அதில் இதுவும் போய்விட்டது, அக்காவின் தாள்களோடு. அக்காவுக்குத் தெரிந்து அவள் அழுதபோது, போய்க் கேட்கலாம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். தான் எழுதியதை ஊரில் ஒருவர் படித்துவிட்டார் என்று நினைக்கவே அவளுக்கு வெட்கம்.

அந்த நூலகக்காரரின் கைவேலையை இன்றுதான் பொறுமையாகப் பார்க்கிறேன். ஐந்து நாவல்களின் அட்டைகளைப் பிரித்து, பின்களை நெம்பி எடுத்து, துரு இருந்த இடத்தைச் சுரண்டி, நூலால் தைத்திருக்கிறார். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கிறார். முதுகின் உள்பக்கம் இப்போதும் லேசான பச்சை. மேலே கெட்டி அட்டை, முதுகுக்குக் காலிகோ துணி. பைண்டு செய்தவுடன் ஓரங்களைக் கத்தியில் கொடுத்து நறுக்குவது வழக்கம். அக்காவின் நோட்டுத் தாள்கள் நாவலைவிடப் பெரியவை. சாதாரணமாக நறுக்கியிருந்தால் வரிக்கு இரண்டு எழுத்தாவது போயிருக்கும். அவர் அந்த நான்கு தாளையும் சரியான இடத்தில், 64-க்கும் 81-க்கும் நடுவில் வைத்து, வெளி ஓரங்களைக் கத்தி தொடாதபடி உள்ளே மடித்துத் தைத்திருக்கிறார். இரண்டாம் முறை வந்த 49 முதல் 64 வரையுள்ள பாரத்தை எடுத்து எறிந்திருக்கலாம், அதையும் எறியவில்லை. வந்தபடியே வைத்திருக்கிறார்.

417-ஐ எத்தனை பேர் எடுத்துப் போனார்கள் என்பதற்குக் கடைசித் தாளில் ஒட்டிய சீட்டில் கணக்கு இருக்கிறது. தேதி முத்திரைகள் 61. அச்சிட்ட பக்கங்களில் வழக்கமான கிறுக்கல்கள்தான்: மளிகைக் கணக்கு, கோலப் புள்ளி, ‘கொலைகாரன் டாக்டர்’ என்று முதல் அத்தியாயத்திலேயே ஒரு துரோகி எழுதிவைத்தது, அதன் கீழே வேறொரு கையெழுத்தில் அவருக்கு வசவு. அக்காவின் தாள்களில் இரண்டே குறிப்புகள். ஒன்று பென்சிலில், ‘பாவம் வேலாயுதம்’. மற்றொன்று பால்பாயிண்ட் பேனாவில், நடுங்கிய எழுத்தில்: ‘அந்த அம்மாவுக்கு யார் தகவல் சொன்னார்கள்?’

எழுதியவர்கள் யாரென்று கண்டுபிடிக்க வழியில்லை. கையால் எழுதிய பகுதி என்பதை அவர்கள் ஒரு குறையாகவே நினைக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது. நூலகக்காரர் ஏதோ கிழிந்ததைப் பார்த்து எழுதிச் சேர்த்திருக்கிறார் என்று நம்பியிருப்பார்கள்.

பிறகு வந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. வீட்டுக்கு வீடு கேபிள் இணைப்பு. இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகள் ‘மர்மதேசம்’ என்று சின்னத்திரைக்கு வந்தபோது எங்கள் தெருவே அந்த நேரத்தில் ஓய்ந்து கிடக்கும். படித்துப் பயந்தவர்கள் பார்த்துப் பயந்தார்கள். பெட்டிக்கடைக் கயிற்றில் நாவலுக்குப் பதில் ஷாம்பு பாக்கெட் தொங்கியது. 417-இன் சீட்டில் கடைசி முத்திரை 1999. அதன்பின் ஏழு வருஷம் அது அலமாரியில் சும்மா நின்றது.

2006-இல் நூலகக்காரர் காலமானார். பிள்ளைகள் வெளியூரில். வீட்டை விற்க ஏற்பாடானது. பழைய பேப்பர்க்காரர் தராசோடு வந்துவிட்டார் என்று அக்கா எனக்குப் போன் செய்தாள். அவள் வாழ்க்கைப்பட்டது அதே ஊரில்தான். நான் போய்ச் சேர்ந்தபோது பாதி அலமாரி ஏற்கெனவே சாக்கில் இருந்தது. கெட்டி அட்டைகளைக் கிழித்து வீசிவிட்டு உள்தாளை மட்டும் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். கிலோ ஆறு ரூபாய். ரங்கராஜு இருந்தார், சங்கர்லால் இருந்தார், கணேஷும் இருந்தார். எல்லாருக்கும் ஒரே விலை. கையில் இருந்த பணத்துக்கு 23 பைண்டுகளை மீட்டேன். 417 சாக்கின் அடியில் இருந்தது. பேப்பர்க்காரரே கவிழ்த்துக் கொட்டித் தேடித் தந்தார், கூடுதல் காசு வாங்கவில்லை.

அக்கா அதைக் கையில் வாங்கி, தன் நான்கு தாளைத் திறந்து, நின்றபடியே முழுக்கப் படித்தாள். ஓரத்துக் குறிப்புகளைப் படித்தபோது கண் கலங்கியது. பிறகு பேனா கேட்டாள். இரண்டாம் பக்கத்தில் ஓர் இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது, அதைப் போட்டாள். அந்த ‘ப்’ மட்டும் கறுப்பு மையில் இருக்கிறது.

அடுத்த இரண்டு வருஷத்தில் சென்னையில் பிளாஃப்ட் என்ற பதிப்பகம் தமிழ் மாத நாவல்களிலிருந்தும் இதழ்க் கதைகளிலிருந்தும் தேர்ந்தெடுத்து, பிரீதம் சக்கரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரு பெருந்தொகுப்பு வெளியிட்டது. தமிழ்வாணன், புஷ்பா தங்கதுரை, ராஜேஷ்குமார், சுபா எல்லாரும் அதில் இருந்தார்கள். இங்கே எடைக்குப் போட்டது அங்கே அழகான புத்தகமாக வந்ததைப் பார்த்து மகிழ்ச்சிதான். ஆனாலும் மூலப் பிரதிகள் எங்கே என்ற கேள்வி உறுத்துகிறது. 1894-இன் தானவனைத் தேடுவது கஷ்டம் என்றால் புரிந்துகொள்ளலாம். 1988-இல் தெருவுக்குத் தெரு தொங்கிய நாவல் இன்று கண்ணில் படுவதில்லை என்பது நம் அலட்சியம். கோட்டையூரைச் சேர்ந்த, விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் பழைய நாவல், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் தள்ளாமல் சேர்த்து வைத்ததால்தான் சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நூலகமே எழுந்தது.

நான் அத்தனை பெரிய காரியம் எதுவும் செய்யவில்லை. ஒரு பிரதியின் முழு உருவைத் தேடுகிறேன், அவ்வளவுதான். தலைப்பு என்ன என்று சித்தப்பாவும் அக்காவும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எழுதியவர் யார் என்பதிலும் இருவருக்கும் ஒற்றுமை இல்லை. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் தேடியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் சாக்கு மூட்டையோ தகரப் பெட்டியோ இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நீலகிரி எஸ்டேட், உள்ளே தாழிட்ட பங்களா, 31-ஆம் பக்கத்தில் கவிழ்த்து வைத்த இரண்டு டம்ளர், 64-ஆம் பக்கத்தின் கடைசி வரியில் டெலிபோன் மணி. உங்கள் பிரதியில் அதற்கடுத்து 65 இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். அந்தச் சமையற்காரருக்கு அச்சில் ஒரு பெயர் இருந்ததா என்று பார்த்து அக்காவிடம் சொல்ல வேண்டும்.